தேடுவோர் கண்டடையும்படி

சேர்ப்பது எளிது, சேர்த்ததை வேண்டிய நேரத்தில் எடுப்பதே அரிது. குதிர் நிறைய நெல்லைக் கொட்டிவைக்கும் உழவர், விதைநெல்லை மட்டும் அதனோடு கலப்பதில்லை. அதைத் தனியே காயவைத்து, வைக்கோற் புரி சுற்றிக் கோட்டை கட்டி, எந்த வயலில் எப்போது விளைந்தது என்ற நினைவோடு ஒதுக்கி வைக்கிறார். உண்ணும் நெல் இவ்வாண்டோடு தீர்ந்துவிடும். விதைநெல்லோ அடுத்த பருவத்தைக் காணவேண்டியது. இரண்டும் நெல்தான் என்றாலும், வைக்கும் முறை வேறு. காக்கும் கவலையும் வேறு. ஒலிகளைச் சேர்த்து வைக்கும் என் சிறிய தொழிலில், இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்க்காத நாளில்லை.

நான் பேர் பெற்ற இசையமைப்பாளன் அல்லன். வானொலி நாடகங்களுக்கும், பள்ளி ஆண்டுவிழா நாட்டியங்களுக்கும், சிறு ஆவணப் படங்களுக்கும் பின்னணி இசை அமைத்துக் கொடுப்பவன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதுவே என் பிழைப்பு. வீட்டின் பின்னறையில் ஒரு கணிப்பொறி, ஒரு கீபோர்டு, இரண்டு ஒலிவாங்கிகள்; இவ்வளவே என் உடைமை. ஆனால் அந்தக் கணிப்பொறிக்குள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஒலித்துண்டுகள் உறங்குகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு விநாடி முதல் இருபது விநாடி வரை நீளும். துண்டின் முடிவு அதன் தொடக்கத்தோடு பிசிறின்றிப் பொருந்துமாறு வெட்டப்பட்டிருப்பதால், எத்தனை முறை திருப்பி ஒலித்தாலும் தாளம் தடுக்குவதில்லை. இசைக்கூடங்களில் இதனை 'லூப்' என்பார்கள். ஒலிச்சுழல் என்று நாம் சொல்லலாம்.

இது கணிப்பொறி வந்தபின் பிறந்த வித்தை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியன்று. 1948ஆம் ஆண்டு பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர் என்பவர், இசைத்தட்டின் பள்ளம் சுருளாக உள்நோக்கிச் செல்வதைத் தடுத்து, அதனை ஒரு வட்டமாக மூடிப் பார்த்தார். ஊசி அந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி ஓடியது. ஒரே ஓசை மீண்டும் மீண்டும் எழுந்தது. கேட்கக் கேட்க அந்த ஓசை தன் பிறப்பிடத்தை இழந்து இசையாக மாறியது. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஒலிபரப்பான அவருடைய ஐந்து ஓசைப் பயிற்சிகளுள் ஒன்று, இரயில் வண்டிகளின் ஓசையை மட்டுமே கொண்டு அமைந்தது.

பின்னர் காந்த நாடா வந்தது. நாடாவை வேண்டிய அளவுக்கு வெட்டி, இரு நுனிகளையும் ஒட்டி வளையமாக்கினால் அதுவே லூப். ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுவது வழக்கம். நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் ஓர் அடிக்கு அரை விநாடி. அதாவது ஏழரை அங்குல நாடா. ஆகவே அந்நாளைய கலைஞர்கள் தாளத்தை அளவுகோல் கொண்டு அளந்து, பிளேடு கொண்டு நறுக்கினார்கள். 1966இல் பீட்டில்ஸ் குழுவினர் 'டுமாரோ நெவர் நோஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, கூடத்தின் பணியாளர்கள் நாடா வளையங்கள் தொய்ந்து போகாதிருக்கப் பென்சிலை நுழைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். ஒலியைக் கையால் தொட்டுப் பிடிக்க முடிந்த காலம் அது.

கணிப்பொறியின் வருகையால் கைக்கு அகப்பட்டிருந்த ஒலி எண்ணாக மாறியது. 1998இல் சோனிக் ஃபவுண்டரி நிறுவனம் வெளியிட்ட 'ஆசிட்' என்னும் மென்பொருள், வெவ்வேறு வேகத்தில் பதிவான சுழல்களை ஒரே வேகத்துக்குத் தானாக இழுத்தும் சுருக்கியும் பொருத்திக் கொடுத்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனத்தின் 'காரேஜ்பேண்ட்' வந்தது. சுழல்களை அடுக்கி இசை செய்வது பள்ளி மாணவர்க்கும் கைவந்த கலையாயிற்று. அதுவரை நாங்கள் இடப்பஞ்சத்தில் வாழ்ந்தவர்கள். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு விநாடி ஸ்டீரியோ ஒலிக்கு 1,76,400 பைட்டுகள் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்டு. 1.44 மெகாபைட்டு கொள்ளும் பழைய பிளாப்பியில் எட்டு விநாடி ஒலிதான் அடங்கும். அந்த எட்டு விநாடியில் எதை வைப்பது என்று எட்டு நாள் யோசிப்போம். இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட்டு வட்டில் 1,500 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒலியை நிரப்பலாம். இடப்பஞ்சம் தீர்ந்தது, நினைவுப்பஞ்சம் தொடங்கியது. எதை வைத்திருக்கிறோம் என்பதே தெரியாத செல்வந்தர்களாகிவிட்டோம் நாம்.

ஆகவே ஒழுங்கு தேவைப்படுகிறது. ஆனால் எந்த ஒழுங்கு? இசைக்கருவியின்படி பிரிப்பதா, தாளத்தின்படியா, வேகத்தின்படியா, அன்றி உணர்ச்சியின்படியா? இக்கேள்வி நம் மரபுக்குப் புதியதன்று. தேவாரப் பதிகங்களைப் பண்முறை என்றும் தலமுறை என்றும் இருவகையாகத் தொகுத்துள்ளார்கள். ஒரே பண்ணில் அமைந்த பதிகங்களை ஒருசேர வைப்பது பண்முறை. ஒரே ஊரைப் பற்றிய பதிகங்களை ஒருசேர வைப்பது தலமுறை. பாடல்கள் ஒன்றே, வரிசைதான் வேறு. பண் பயிலும் மாணவனுக்கு முன்னது உதவும்; ஊர் ஊராகச் செல்லும் பயணிக்குப் பின்னது உதவும். நம் ஆலயப் பாடல் நூல்களிலும் வழிபாட்டுக் காலங்களின்படி ஒரு வரிசையும், கடைசிப் பக்கங்களில் முதற்குறிப்பு அகரவரிசையும் இருப்பதைக் காணலாம். தேடுபவர் எந்த வாயில் வழியாக வருவார் என்று எண்ணிப் பார்ப்பதே தொகுப்பவரின் முதற் கடமை.

கோப்புறை என்பது ஒரே ஒரு வாயிலுடைய வீடு. ஒரு துண்டை மிருதங்கம் என்னும் அறையில் வைத்துவிட்டால், அது ஏககாலத்தில் ஆதி தாளம் என்னும் அறையில் இருக்க முடியாது. இரண்டிலும் படியெடுத்து வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று பழையதாகவே நின்றுவிடும். ஆகவே நான் கடைப்பிடிப்பது இதுதான்: கோப்புறைகள் கருவியின்படி, அதற்குள் தாளத்தின்படி. அவ்வளவோடு நிறுத்திக்கொள்வேன். மற்ற விவரங்களெல்லாம் கோப்பின் பெயரிலும், தனியே எழுதி வைத்துள்ள அட்டவணையிலும் இடம்பெறும். அட்டவணைக்கு எத்தனை வாயில் வேண்டுமானாலும் வைக்கலாம்.

உணர்ச்சியின்படி கோப்புறை வகுப்பதை நான் விரும்புவதில்லை. விலைக்கு வரும் தொகுப்புகளில் 'மகிழ்ச்சி', 'சோகம்', 'மர்மம்' என்று பிரித்திருப்பார்கள். ஆனால் ஒலிக்கு அப்படி ஒரே முகம் இல்லை. மெதுவாக இறங்கும் ஒரு வீணைத் துண்டை, குழந்தையைத் தாய் உறங்கவைக்கும் காட்சிக்குப் பயன்படுத்தினேன். சில ஆண்டுகள் கழித்து அதே துண்டு, தாயை இழந்த சிறுவன் தனித்திருக்கும் காட்சிக்கும் பொருந்தியது. முன்னமே 'சோகம்' என்று முத்திரை குத்தியிருந்தால் தாலாட்டுக்கு அது அகப்பட்டிருக்காது. மனிதர்களைப் போலத்தான் ஒலிகளும். முதற் சந்திப்பில் ஒட்டிய பெயரையே வாழ்நாள் முழுதும் சுமக்கவைப்பது நீதியாகாது.

பெயரிடுவதில் சில சிறு நெறிகள் உண்டு. கருவி, தாளம், வேகம், சுருதி, வரிசை எண் என்ற முறை மாறாதிருக்க வேண்டும். எண்களை 1, 2 என்று எழுதாமல் 001, 002 என்று எழுதவேண்டும்; இல்லையேல் பல மென்பொருள்கள் 10ஐ 2க்கு முன்னே நிறுத்திவிடும். நாளைக் குறிக்கும்போது ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் எழுதினால், பெயர் வரிசையே கால வரிசையாக அமையும். 'புதியது' என்றும் 'கடைசி' என்றும் பெயர் வைப்பது ஆகாது. புதியது பழையதாகும், கடைசிக்குப் பின் 'உண்மையான கடைசி' பிறக்கும், அதற்கும் ஒரு தம்பி வருவான். முன்பெல்லாம் தமிழில் பெயரிடுவது இயலாத செயலாக இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியேற்றம் வைத்திருந்த காலத்தில், ஒரு கணிப்பொறியில் தமிழாக இருந்தது மற்றொன்றில் கிறுக்கலாகத் தெரியும். ஒருங்குறி பரவிய பின்னர் அத்தொல்லை பெரும்பாலும் நீங்கியது. 'மிருதங்கம்-மிஸ்ரசாபு-140-கட்டை1-007' என்று இன்று தமிழிலேயே எழுத முடிகிறது.

அந்தப் பெயரில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. மேலைநாட்டு மென்பொருள்கள் பலவும் நான்கடித் தாளத்தையே இயல்பெனக் கொண்டு பிறந்தவை. ஒரு துண்டின் நீளத்தை வைத்து, இதில் நான்கு அல்லது எட்டு அல்லது பதினாறு அடிகள் இருக்கும் என்று தாமே கணித்துக்கொள்ளும். ஏழு அட்சரம் கொண்ட மிஸ்ர சாபுவை நிமிடத்துக்கு 140 அட்சர வேகத்தில் வாசித்தால் ஓர் ஆவர்த்தனம் மூன்று விநாடி. அதனை எட்டு அடி என்று மென்பொருள் எண்ணிக்கொண்டால் வேகம் 160 என்று காட்டும். அதை நம்பி வேறொரு கருவியோடு சேர்த்தால் இரண்டும் இரண்டு திசையில் ஓடும். 'தகிட தகதிமி' என்னும் ஏழின் நடையைக் கணிப்பொறி அறியாது. நாம்தான் எழுதிவைக்க வேண்டும். அவ்வாறே மிருதங்கத்தின் வலந்தலை சுருதியில் நிற்பது. ஒரு கட்டைக்குச் சேர்த்த மிருதங்கத்தை ஐந்து கட்டைப் பாடலுக்கு இயந்திரத்தால் உயர்த்தினால், தோலின் நாதம் போய்த் தகரத்தின் ஓசை வந்துவிடும். ஆகவே கட்டையைக் குறிப்பது அவசியம்.

வெட்டும் முறையையும் சொல்லவேண்டும். ஒலி அலை, நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்குவது. அது நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் இணைப்பு தெரியாது. வேறிடத்தில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்றொரு முள் குத்தும். கடத்தின் கடைசி அடி ஓயுமுன் அடுத்த சுற்றின் முதல் அடி வந்துவிடுவதால், அந்த நாதத்தின் வாலை முன்னே கொண்டுவந்து சேர்க்கவேண்டும். எம்பி3 வடிவத்தில் சுழல்களைச் சேமிப்பது நன்றன்று. அவ்வடிவம் தொடக்கத்திலும் முடிவிலும் நுண்ணிய மௌனத்தைச் செருகிவிடும்; அதனால் சுழல் ஒவ்வொரு முறையும் நொண்டும். 'வேவ்' வடிவமே எளியது, உறுதியானது. இடம் மிச்சமாக வேண்டுமென்றால், ஒலியில் எதையும் இழக்காத 'ஃபிளாக்' வடிவம் இருக்கிறது.

வெட்டிய துண்டுக்கும் வெட்டப்படாத மூலத்துக்கும் தனித்தனி அறை வைத்திருக்கிறேன். மூலத்தில் கத்தி படக்கூடாது; படியெடுத்துத்தான் வெட்டவேண்டும். ஒரு நாடகப் பணி முடிந்ததும், அதில் பயன்பட்ட துண்டுகளையெல்லாம் அப்பணியின் கோப்புறைக்குள்ளேயே படியெடுத்து வைத்துவிடுவேன். ஏனெனில் பணிக்கோப்பு என்று நாம் சேமிப்பதில் பெரும்பாலும் ஒலி இருப்பதில்லை. ஒலி இருக்கும் முகவரிதான் இருக்கிறது. வீடு மாறியபின் பழைய முகவரிக்கு எழுதிய கடிதம் திரும்பி வருவதுபோல, நூலகத்தை இடம் மாற்றியபின் பழைய பணியைத் திறந்தால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற வரிகளே திரை நிறைய நிற்கும்.

இவையனைத்தும் பொருளைப் பற்றிய ஒழுங்கு. இதனினும் பெரியதொன்று உண்டு. அது ஆளைப் பற்றியது.

1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்னும் அமெரிக்கக் குழு, 'ஏமென், பிரதர்' என்ற பாடலை வெளியிட்டது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்ப வந்த பாடல் அது. அதன் நடுவில் மற்ற கருவிகள் ஓய, கிரெகரி கோல்மன் என்பவர் ஏழு விநாடிக்கும் குறைவான நேரம் தனியே டிரம்ஸ் வாசித்தார். நான்கே சுற்றுகள். 1980களில் அத்துண்டை வெட்டியெடுத்துச் சுழலவிட்டார்கள். பின்னர் ஆயிரக்கணக்கான பாடல்களில் அது ஒலித்தது. அதிலிருந்து புதிய இசை வகைகளே கிளைத்தன. வாசித்தவருக்கோ உரிமைத்தொகை என்று ஏதும் வந்து சேரவில்லை. 2006இல் அவர் வறுமையில் மறைந்தார். 2015இல் சில இசை அன்பர்கள் பொதுமக்களிடம் திரட்டிய 24,000 பவுண்டு, குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் சேர்ந்தது. காலம் கடந்து வந்த நன்றி அது, ஆயினும் வந்தது. குழுவின் பெயர் இசைத்தட்டோடு இணைந்திருந்ததால்தான், நன்றி சொல்ல நினைத்தவர்களுக்கு ஒரு முகவரி இருந்தது. பெயர் உதிர்ந்துபோன துண்டுகள் இவ்வுலகில் எத்தனையோ! அவற்றை வாசித்த கைகளைத் தேடி இனி யாரும் போகமுடியாது.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் தவில் வித்துவான் ஒருவர் இருந்தார். கோயில்களிலும் கல்யாணங்களிலும் ஐம்பது ஆண்டு வாசித்து ஓய்ந்தவர். 2003ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில் என் பின்னறைக்கு அவரை அழைத்துவந்து பதிவு செய்தேன். விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு, பூவரசங் குச்சியை எடுத்துத் தோலைத் தட்டிப் பார்த்தார். சுழல் வெட்டுவதற்கு வேகம் மாறாதிருக்க வேண்டும் என்பதால், காதில் மாட்டிக்கொள்ளக் கருவியொன்றைக் கொடுத்து, அதில் வரும் 'டிக் டிக்' ஓசைக்கு வாசிக்கும்படி வேண்டினேன். சற்று நேரம் கேட்டுவிட்டுக் கழற்றி வைத்தார். "தம்பி, கடிகாரத்துக்கு வாசிக்கச் சொல்றீங்களா, கல்யாணத்துக்கு வாசிக்கச் சொல்றீங்களா?" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு எனக்காகச் சிறிது நேரம் கடிகாரத்துக்கு வாசித்தார்; அவருக்காக நெடுநேரம் கல்யாணத்துக்கு வாசித்தார். இரண்டையும் பதிவு செய்தேன். என்ன கூலி கொடுத்தேன், இவ்வொலிகளை எதற்கெல்லாம் பயன்படுத்த அவர் இசைந்தார் என்பதையும் அன்றே எழுதி, பதிவோடு வைத்தேன். அதிலிருந்து அறுபது சுழல்கள் கிடைத்தன. அவற்றின் வழியாக அவருடைய கை எத்தனையோ நாடகங்களில் ஒலித்திருக்கிறது.

2016இல் அவர் காலமானார். மாதம் கடந்து அவருடைய மகள், தம் சிறு பெண்ணோடு வந்தார். "அண்ணே, அப்பா வாசிச்சது ஏதாவது உங்ககிட்ட இருக்கா? எங்க வீட்டுல ஒண்ணுமே இல்லே" என்று தயங்கிக் கேட்டார். அவருடைய பெயரை அட்டவணையில் இட்டதும் அனைத்தும் வரிசையாக வந்து நின்றன. முதலில் சுழல்களைப் போட்டுக் காட்டினேன். மூன்று விநாடி, ஆறு விநாடி. ஒழுங்காக, சுத்தமாக, மீண்டும் மீண்டும். அவர் தலையசைத்துக் கேட்டார். ஆனால் முகம் மலரவில்லை. பிறகு வெட்டப்படாத மூலத்தைத் திறந்தேன். நாற்பத்தொரு நிமிடம். தொடக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி கொடுங்க தம்பி" என்கிறார் பெரியவர். தவிலை மடியில் இழுத்து வைக்கும் ஓசை கேட்கிறது. அதற்குள்ளாகவே மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாசிப்பு தொடங்கியபோது அந்தச் சிறுமி, தன்னை அறியாமல் நாற்காலியின் கையில் விரலால் தட்டத் தொடங்கினாள்.

சுழலாக வெட்டும்போது நாம் கழித்துவிடுகின்ற இருமலும், தண்ணீர் கேட்கும் குரலும், தவறிப்போன அடியும், அதைத் திருத்திக்கொண்டு எழும் அடுத்த அடியும், அந்த வீட்டுக்கு விதைநெல். நாம் வைத்துக்கொள்ளும் சுத்தமான துண்டோ உண்ணும் நெல். அன்றுமுதல் என் அட்டவணையில் வாசித்தவரின் பெயருக்கான கட்டத்தை முதலிடத்துக்குக் கொண்டுவந்தேன். கருவியும் தாளமும் அதற்குப் பின்னரே.

வைத்திருப்பதைக் காப்பது அடுத்த கடமை. டெலியா டெர்பிஷயர் என்னும் பெண்மணி, பிபிசியின் ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் பணியாற்றி, 1963இல் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசையை நாடா நறுக்குகளால் உருவாக்கியவர். 2001இல் அவர் மறைந்தபின் அவர் வீட்டுப் பரணில் 267 நாடாச் சுருள்கள் கிடைத்தன. அவை பின்னர் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் காப்பில் சேர்ந்தன. எல்லாப் பரணுக்கும் அப்படியொரு நற்பேறு வாய்ப்பதில்லை. அதே 2001இல் வில்லியம் பசின்ஸ்கி என்னும் அமெரிக்க இசைஞர், தாம் இருபது ஆண்டுகளுக்கு முன் செய்த நாடா வளையங்களைக் கணிப்பொறிக்கு மாற்ற முற்பட்டார். நாடா சுற்றச் சுற்ற அதன் காந்தப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இசை சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைவதை அவர் நிறுத்தாமல் பதிவு செய்தார். அதுவே பின்னர் 'சிதைவுச் சுழல்கள்' என்ற பொருள்படும் புகழ்பெற்ற படைப்பாயிற்று. காலம் நம்மிடம் வாங்குவதை அவர் கலையாக்கிக்கொண்டார். நமக்கு அது எல்லா வேளையும் இயலாது.

எண்ணாக மாறிய ஒலி உதிராது என்று எண்ணிவிடலாகாது. சுழலும் வட்டு ஒருநாள் நிற்கும். சில்லு வட்டும், மின்சாரம் காணாமல் நெடுங்காலம் கிடந்தால், தன் நினைவை இழக்கக்கூடும். ஆகவே மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில் என்னும் நெறியை இத்துறையினர் பொதுவாக வலியுறுத்துகிறார்கள். என் மூன்றாம் படி, வேறூரில் வாழும் என் தங்கை வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை போகும்போது மாற்றி வைப்பேன். படியெடுத்தால் மட்டும் போதாது. எடுத்த படி திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்து கேட்கவும் வேண்டும். ஒருமுறையும் திறந்து பார்க்காத பாதுகாப்பை நம்பிக்கை என்று சொல்லலாமேயன்றிக் காப்பு என்று சொல்ல முடியாது.

காப்பதைப் போலவே கழிப்பதும் ஒழுங்கின் பகுதிதான். ஒவ்வோர் ஆண்டும் போகிக்கு முந்திய வாரம் இந்த வேலைக்கு உரியது. அப்போது நான் கேட்கும் கேள்வி ஒன்றே: இது போனால் மீண்டும் கிடைக்குமா? விலைக்கு வாங்கிய தொகுப்புகளில் ஐந்தாண்டு தொடாதவை வெளியேறும். வேண்டுமானால் மறுபடியும் பெற்றுக்கொள்ளலாம். அவற்றின் உரிமைச் சீட்டை மட்டும் வைத்துக்கொள்வேன். 'உரிமைத்தொகை வேண்டாதது' என்று விற்கப்படும் சுழலை நம் படைப்பில் பயன்படுத்தலாமே தவிர, தனிச் சுழலாகப் பிறருக்கு விற்பதற்கு வழக்கமாக அனுமதியில்லை என்பதையும் இளைஞர்கள் அறிந்திருத்தல் நல்லது. ஆனால் நானே பதிவு செய்த ஒரு மனிதக் கையோசையை, அது எவ்வளவு பிசிறாக இருந்தாலும், அழிப்பதில்லை. அந்தக் கையை மறுபடியும் பெற இயலாது.

எனக்குப் பின் இக்கணிப்பொறியை யார் திறப்பார் என்று நான் அறியேன். என் மகனுக்கு இசையில் நாட்டமில்லை. அதில் வருத்தமும் இல்லை. திறப்பவர் ஒரு மாணவராக இருக்கலாம். பழைய பொருள் வாங்குபவராகவும் இருக்கலாம். யாராயினும், முதலில் கண்ணில் படும்படி ஓர் எளிய எழுத்துக்கோப்பை வைத்திருக்கிறேன். எந்த மென்பொருளிலும் திறக்கும்; இரண்டு பக்கந்தான். எது எங்கே இருக்கிறது, பெயர்களை எப்படிப் படிப்பது, எவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எவற்றை எந்தக் குடும்பத்தைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்பவை அதில் உள்ளன. ஆண்டுதோறும் அதைப் படித்துப் பார்த்து, ஓரிரு சொற்களைத் திருத்துவேன். முதல் வரியை மட்டும் மாற்றுவதில்லை. துண்டுகளைப் பயன்படுத்துவதற்கு முன், அவரவர் வாசித்ததை ஒருமுறை முழுவதுமாகக் கேளுங்கள் என்பதே அவ்வரி.